இரணைமடுக் குளத்தில் எத்தனை அடி தண்ணீர் என்று தெரியும், அதில் என்ன இருக்கிறது என்று?

இன்று காலை கேத்திலைக் கழுவும்போது அடியில் படிந்திருந்த வெள்ளையைக் கரண்டியால் சுரண்டினேன். பொருக்குப் பொருக்காகக் கழன்று வந்தது. மகள் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "அம்மா, இது எங்கட வயித்துக்குள்ளயும் படியுமா?" என்று கேட்டாள். இல்லை என்று சொன்னேன். பொய் சொல்லவில்லை. அது சுண்ணாம்பு, அதற்குப் பெரிதாகப் பயப்படத் தேவையில்லை. ஆனால் கிணற்றில் வேறு என்ன இருக்கிறது என்று அவள் அடுத்து கேட்டிருந்தால் என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வி காலையிலிருந்து மனசை விட்டுப் போகவில்லை.

எங்கள் வீடு கிளிநொச்சியில் முரசுமோட்டைப் பக்கம். இரணைமடு வாய்க்கால் தண்ணீரில் வயல் செய்து வளர்ந்த குடும்பம். அந்தக் குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவருவது கனகராயன் ஆறு. வவுனியாவில் சேமமடுப் பக்கம் தொடங்கி, வடக்கே ஓடி, இரணைமடுவில் தங்கி, குளம் நிரம்பி வான் பாய்ந்தால் எங்கள் ஊர்களைக் கடந்து சுண்டிக்குளம் களப்பில் போய் விழுகிறது. மூன்று மாவட்டத்தின் அழுக்கும் இந்த ஒரே ஆற்றில்தான் இறங்குகிறது. மேலே வயலில் அடித்த மருந்து, ஏ9 வீதியோரக் கடைகளின் கழிவு, மலசலகூடக் குழிகளிலிருந்து கசிவது எல்லாம் மழையோடு பள்ளம் பார்த்து வரும். கடைசியில் இருக்கிற எங்களுக்கு எல்லாருடைய பங்கும் சேர்ந்து வருகிறது.

இரணைமடுத் தண்ணீரைப் பற்றி நாங்கள் பேசாத பேச்சா? யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொடுப்பதா வேண்டாமா என்று எத்தனை வருஷம் இழுபட்டது. கமக்காரர் மறுத்தார்கள். அவர்களின் பயம் நியாயமானது, சிறுபோகத்துக்கே, அதாவது கோடை நெல்லுக்கே, போதாத வருஷங்கள் இருந்தன. கடைசியில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் கட்டி, 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். ஒரு நாளைக்கு 24,000 கன மீற்றர். அப்புறம் 2018 டிசம்பர் வெள்ளத்தின்போது வான்கதவுகளை எப்போது திறந்தார்கள், ஏன் முந்தித் திறக்கவில்லை என்று மாசக்கணக்காகப் பேசினோம். எல்லாம் பேச வேண்டியவைதான். ஆனால் இத்தனை வருஷப் பேச்சிலும் எத்தனை அடி, எத்தனை ஏக்கர், யாருக்கு எவ்வளவு என்ற கணக்கைத்தான் நான் கேட்டிருக்கிறேன். அந்தத் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று ஒருவர் எழும்பிக் கேட்டதை என் காதால் கேட்டதில்லை.

போன சிறுபோகத்தில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். பக்கத்து வயல் தம்பி மருந்தடித்து முடித்துவிட்டு வந்து, முதுகில் கிடந்த டாங்கியை இறக்கி வாய்க்காலுக்குள் அமுக்கினான். இரண்டு குலுக்குக் குலுக்கிக் கவிழ்த்தான். தண்ணீர் பால்போல வெளுத்து, ஒரு பாக தூரம் போய்க் கரைந்து மறைந்துவிட்டது. வெறும் போத்தலை வரம்பில் எறிந்தான். கீழே நூறு யார் தள்ளி ஒரு அக்கா அதே வாய்க்காலில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தார். அவன் கெட்ட பிள்ளை இல்லை. அவனுடைய அப்பாவும் அப்படித்தான் கழுவினார், என் அப்பாவும் அப்படித்தான் கழுவினார். டாங்கியை மூன்று தரம் அலசி அந்தத் தண்ணீரைத் திரும்ப வயலுக்கே அடித்துவிட வேண்டும், போத்தலில் ஓட்டை போட்டு ஒரு இடத்தில் சேர்க்க வேண்டும் என்று அவனுக்கு யாரும் வரம்பில் நின்று காட்டிக் கொடுக்கவில்லை. மருந்து விற்கிற இடத்தில் எவ்வளவு கலக்க வேண்டும் என்று மட்டும் சொல்லி அனுப்புகிறார்கள்.

கிணறு இன்னொரு கதை. வவுனியாப் பக்கம் நிலத்துக்கடியில் கருங்கல் பாறை. அந்தப் பாறையிலிருந்தே புளோரைட் தண்ணீரில் கரைகிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்கிற உச்ச அளவு ஒரு லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். அதற்கு மேற்பட்ட தண்ணீரைச் சின்ன வயசில் குடித்து வளர்ந்தால் பல்லில் பழுப்புக் கறை விழும், அது பிறகு போகாது. என் பெரியம்மா வீடு புளியங்குளம் பக்கம். அங்கே போனால் பிள்ளைகள் சிரிக்கும்போது பார்க்கிறேன். வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரிக்கிற பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

எங்கள் பக்கம் எனக்குப் பயம், மலக்குழியிலும் உரத்திலும் இருந்து தண்ணீரில் இறங்குகிற நைத்திரேற்றில். மீள்குடியேறி வந்தபோது வீட்டுத்திட்டம் வந்தது, மலசலகூடம் வந்தது, நல்லது. ஆனால் கால் ஏக்கர் காணியில் குழியும் கிணறும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கிற வீடுகள் நிறைய. மணல் கலந்த நிலம், கசிவதை நிறுத்தி வைக்காது. அதற்கு மேல் யூரியா. கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கிற தண்ணீரில் நைத்திரேற்று கூடினால் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுபோக முடியாமல் பிள்ளை நீலம் பாயும். "நாங்கள் கொதிக்க வைச்சுத்தானே குடிக்கிறம்" என்று எல்லாரும் சொல்கிறார்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், அதைக் கட்டாயம் செய்யுங்கள். ஆனால் புளோரைட்டும் நைத்திரேற்றும் கொதித்துப் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அது கூடத்தான் செய்யும்.

கிட்னி வருத்தத்தைப் பற்றிக் கேட்பீர்கள். வவுனியாவில் அது இருக்கிறது, இரத்தம் சுத்திகரிக்கக் கிழமைக்குக் கிழமை பஸ் ஏறுகிறவர்களை எனக்குத் தெரியும். காரணம் இதுதான் என்று ஆராய்ச்சியாளர்கள் ஒரு முடிவுக்கு வரவில்லை. அதனால் நானும் தண்ணீர்தான் காரணம் என்று எழுத மாட்டேன். ஆனால் காரணம் தெரியவில்லை என்பது பரிசோதிக்காமல் இருக்கக் காரணமாகாது.

யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தை நினைத்துப் பாருங்கள். அங்கே மின் நிலையத்தின் கழிவு எண்ணெயால் கிணறுகள் கெட்டதாக வழக்கு. கிணற்றில் எண்ணெய் மிதந்தது, மணந்தது, சனம் வீதிக்கு வந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2019இல் மின் நிலையக் கம்பனியை 2 கோடி ரூபாய் நட்டஈடு கட்டச் சொல்லித் தீர்ப்பு வந்தது. எங்கள் தண்ணீரில் எதுவும் மிதக்காது. தெளிவாக, குளிர்ச்சியாக இருக்கும். அதுதான் என் கவலை.

இரண்டு வருஷத்துக்கு முன் எங்கள் வீதியில் ஆறு கிணற்றில் மாதிரி எடுத்துக்கொண்டு போனார்கள். போத்தலில் வீட்டுக்காரர் பெயரை ஒட்டி, என்னிடமும் கையெழுத்து வாங்கினார்கள். முடிவு வரவே இல்லை. இரண்டு தரம் கந்தோருக்குப் போனேன். "மேலே அனுப்பிட்டம் அக்கா" என்றார்கள். என் கிணற்றுத் தண்ணீரின் முடிவு எனக்குத் தெரியாமல் யாருக்குப் போனது?

சிறுபோகத்துக்கு முன் கூட்டம் வைக்கிறார்களே, குளத்தில் இத்தனை அடி, இத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று வாசிக்கிறார்களே, அதே கூட்டத்தில் இன்னொரு தாளும் வாசிக்கப்பட வேண்டும். குளத்து மதகான துருசடியில் எடுத்த தண்ணீர், வாய்க்கால் கடைசியில் எடுத்த தண்ணீர், ஒவ்வொரு ஊரிலும் நாலைந்து கிணறு. விதைக்க முன் ஒரு தரம், வெட்டின பிறகு ஒரு தரம். முடிவு தமிழில், கமக்காரர் அமைப்புக் கட்டடச் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். பெரிய காசு தேவைப்படுகிற வேலை இல்லை இது. அணைக்கட்டை உயர்த்தக் காசு இருந்த நாட்டில் இதற்கும் இருக்கும்.

நான் இந்த முறை கூட்டத்துக்குப் போய்க் கேட்கப் போகிறேன். முரசுமோட்டை, கண்டாவளை, வட்டக்கச்சி ஆட்கள் யாராவது வருவதென்றால் கீழே எழுதுங்கள். முன்பு உங்கள் கிணற்றிலும் மாதிரி எடுத்து முடிவு தராமல் விட்டிருந்தால், எந்த மாசம் எடுத்தார்கள் என்பதையும் எழுதுங்கள். எல்லாவற்றையும் ஒரு தாளில் சேர்த்துக்கொண்டு போகிறேன்.