வாங்கி வைக்க ஒரே நாள், திருப்பித் தர நாளே கிடையாது

வீடு, நிலம், பேங்க் கணக்கு எதுவானாலும் அப்பா போன பிறகு பிள்ளைகள் பேருக்கு மாற்றக் கொஞ்சம் அலையணும். அலைந்தால் வேலை ஆகிவிடும். லைசென்ஸ் துப்பாக்கி விஷயத்தில் மட்டும் கதையே வேறு. லைசென்ஸ் செத்தவர் பேரில். அவர் மூச்சு நின்றதுமே பீரோவில் இருப்பது லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி. கருமாதிக்குப் பத்திரிகை அடிப்பதற்கு முன்னால் அதை ஒப்படைக்கவில்லை என்றால் நீங்கள் குற்றவாளி.

1959 ஆயுதச் சட்டம் 21ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது: தேவையில்லாத தாமதம் செய்யாமல் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையிலோ ஒப்படை. சரி, ஆயுதம் ஆச்சே, அதில் எனக்குத் தகராறு இல்லை. எங்க அப்பா போனபோது, வீட்டில் துக்கம் கேட்க ஆள் வந்துகொண்டிருக்கும்போதே அவர் துப்பாக்கியை ஸ்டேஷனில் கொண்டுபோய்க் கொடுத்தோம். ரசீது கையோடு கிடைத்தது. இந்த விவகாரம் முழுவதிலும் கேட்ட அன்றைக்கே கிடைத்த ஒரே காகிதம் அதுதான்.

அதற்குப் பிறகு, அதை என் பேரில் திரும்ப வாங்க லைசென்ஸ் கேட்டு அலைச்சல் ஆரம்பித்தது பாருங்கள். இறப்புச் சான்று. இ-சேவையில் வாரிசுச் சான்றுக்கு மனு, வி.ஏ.ஓ. பார்த்து, ஆர்.ஐ. பார்த்து, தாசில்தார் ஒப்புதல். அம்மாவும் அக்காவும் ‘எங்களுக்கு ஆட்சேபணை இல்லை’ என்று நோட்டரி முன்னால் கையெழுத்து. அக்கா இருப்பது வெளி மாநிலத்தில். இங்கே இல்லாவிட்டால் செல்லாதாம், லீவு போட்டு வந்தாள். டாக்டர் சர்டிபிகேட். துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளப் பயிற்சி எடுத்ததற்கு ஒரு சர்டிபிகேட். கடைசி ரெண்டும் நியாயம், இருக்கட்டும். இத்தனையும் சேர்த்துக் கட்டிக் கலெக்டர் ஆபீஸில் கொடுத்தால், அங்கிருந்து எஸ்.பி. ஆபீஸ், அங்கிருந்து டி.எஸ்.பி., அங்கிருந்து நம்ம ஊர் ஸ்டேஷன். ஃபைல் இறங்கும்போது படிப்படியாக இறங்கும். ஏறும்போதுதான் எந்தப் படியில் உட்கார்ந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

ஸ்டேஷனில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். கேட்ட முதல் கேள்வி: “தம்பி, உங்க உயிருக்கு மிரட்டல் ஏதாச்சும் இருக்கா? எஃப்.ஐ.ஆர். இருந்தா காப்பி குடுங்க.”

“எனக்கு யார் சார் மிரட்டல் விடப்போறாங்க? இது எங்கப்பா துப்பாக்கி, வாரிசா கேக்குறேன்.”

“அப்ப தேவை இல்லைன்னு எழுதிடவா?”

அடேயப்பா! மிரட்டல் இல்லை என்றால் தேவை இல்லை. மிரட்டல் இருக்கிறது, நாலு பேரோடு தகராறு, கேஸ் நடக்கிறது என்று சொல்லிப் பாருங்கள், “ஏற்கெனவே பிரச்சினை உள்ள ஆள், இவர் கையில் துப்பாக்கி எப்படி?” என்று எழுதுவார்கள். எந்தப் பக்கம் போனாலும் முட்டுச்சந்து.

இதில் எனக்கு வயிறெரிகிற இடம் எது தெரியுமா? அந்தக் கேள்வியே எனக்குப் பொருந்தாது. 2016 ஆயுத விதிகளில் 25ஆவது விதி வாரிசுக்கென்றே இருக்கிறது. புதிதாகக் கேட்கிறவனுக்கு உயிர், சொத்துப் பாதுகாப்புத் தேவையைப் பார்க்கச் சொல்வது 12ஆவது விதி. அதில் என்ன சொல்லியிருந்தாலும், வாரிசு மற்றத் தகுதிகளோடு இருந்து போலீஸ் அறிக்கையில் பாதகமாக எதுவும் இல்லையென்றால் உரிமம் கொடுக்கலாம் என்று 25 தெளிவாகச் சொல்கிறது. இதை நான் பிரிண்ட் எடுத்து நீட்டினேன். கலெக்டர் ஆபீஸ் செக்‌ஷனில் இருந்தவர் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. “இதெல்லாம் எங்களுக்குத் தெரியும் சார். மேல கேப்பாங்கல்ல?” மேலே என்பது யார்? பதில் இல்லை.

அடுத்தது சொத்து மதிப்புச் சான்று. போதுமான சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக யாருக்கும் உரிமத்தை மறுக்கக் கூடாது என்று ஆயுதச் சட்டத்தின் 14(2) பிரிவு சொல்கிறது. பிறகு எதற்கு அந்தக் காகிதம்? “வழக்கமா வாங்குறதுதான்.” நாடாளுமன்றம் போட்ட சட்டத்தை விட இந்த ‘வழக்கமா’வுக்குத்தான் நம்ம ஆபீஸ்களில் மரியாதை.

காலக்கெடுவும் இல்லாமல் இல்லை. போலீஸ் அறிக்கைக்கு 30 நாள், அறிக்கை வந்த பிறகு முடிவு சொல்ல 60 நாள். அறிக்கை வந்தால்தானே அந்த அறுபது ஓட ஆரம்பிக்கும்? ‘குறைபாடு’ என்று ஒரு வரி கிறுக்கித் திருப்பி அனுப்பிவிட்டால் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து.

சரி, அந்தத் துப்பாக்கி என்ன பீரங்கியா? ஒத்தைக்குழல், 12 போர் (குழல் அளவு). மலையடிவாரத்தில் மக்காச்சோளம் போட்டவர் காட்டுப்பன்றியை வெடிச்சத்தம் போட்டு விரட்ட வைத்திருந்தது. தேர்தல் அறிவித்தால் முதல் ஆளாகப் போய் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, முடிந்ததும் எடுத்து வருவார். குழலுக்குள் கம்பியில் எண்ணெய்த் துணி சுற்றி இழுத்து, வெளிச்சத்தில் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார், உள்ளே கண்ணாடி மாதிரி பளபளக்கும். போன தடவை ஸ்டேஷனுக்குப் போனபோது ஜன்னல் ஓரம் மூலையில், கழுத்தில் அட்டைச் சீட்டோடு சாத்தியிருந்தது. வாய்ப்பக்கம் செம்மண் நிறத்தில் துரு. “சார், கொஞ்சம் எண்ணெயாவது போட்டுக்கிறேன்” என்றேன். “லைசென்ஸ் இல்லாம தொடக்கூடாது தம்பி.” சட்டம் எனக்கு மட்டும் அட்சரம் பிசகாமல் அமலாகிறது! கடையில் வைத்திருந்தால் துரு பிடித்திருக்காதுதான், மாத வாடகை ஏறிக்கொண்டே போயிருக்கும்.

இதே அடிவாரத்தில் எந்த லைசென்ஸும் இல்லாமல் அவுட்டுக்காய் (தீனிக்குள் மறைத்து வைக்கிற நாட்டு வெடி) சுற்றி வைக்கிறவன் இருக்கிறான். பன்றிக்கு வைத்ததைக் கடித்து யானை வாய் கிழிந்து சாகிறது. நாட்டுத் துப்பாக்கிக்காரன் இருக்கிறான். அவர்களிடம் யார் எஃப்.ஐ.ஆர். காப்பி கேட்டது? காகிதத்தோடு வந்து நிற்கிறவனைத்தான் நிற்க வைக்கிறார்கள். மலைக்கு அந்தப் பக்கம் கர்நாடகத்துக் குடகில் கொடவர் சமூகத்தாருக்கு லைசென்ஸிலிருந்தே விலக்கு, 2029 வரை நீட்டித்திருக்கிறார்கள். விலக்கெல்லாம் நான் கேட்கவில்லை, எழுதி வைத்திருக்கிற விதியை நடத்துங்கள் என்கிறேன்.

வீட்டில் லைசென்ஸ் துப்பாக்கி உள்ள பெரியவர்கள் இருந்தால் ஒன்று செய்யுங்கள். அவருக்கு 70 வயது ஆகியிருந்தாலோ, துப்பாக்கி அவரிடம் 25 வருஷம் இருந்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே வாரிசை நியமித்து உரிமத்தை மாற்றலாம். அதே 25ஆவது விதிதான். எங்க அப்பா ரெண்டு கணக்கிலும் வருவார். ஒவ்வொரு தடவை புதுப்பிக்கப் போனபோதும் அந்தச் செக்‌ஷனில் ஒருத்தர் வாய் திறந்து சொல்லவில்லை.

திங்கட்கிழமை மறுபடி போகிறேன். மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்யணும், கேட்டால் கொடுக்கணும் என்கிறது 14(3). அந்தக் காகிதம் கையில் வந்தால் 18ஆவது பிரிவில் அப்பீல் போகலாம். கொடுக்கவும் மாட்டேன், மறுக்கவும் மாட்டேன் என்று ஃபைலை அமுக்கி வைத்திருக்கிறவரிடம், “மறுத்தாவது எழுதிக் குடுங்க சார்” என்று கேட்கிற நிலைக்கு வந்தாச்சு.