கவுன்சிலர் களைத்தால் குடிப்பது யார்?

போதை மீட்பு சிகிச்சைக்கு வருகிற ஒருவர் பாதியில் நின்றுவிட்டால், ஃபைலில் 'ஒத்துழைப்பு இல்லை' என்று எழுதி மூடிவிடுகிறார்கள். எதிரே உட்கார்ந்து ஆலோசனை சொன்ன கவுன்சிலர் எந்த நிலையில் இருந்தார் என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு ஆத்திரம் வருவது இதில்தான்.

இன்று எல்லா அலுவலகங்களிலும் 'பர்ன் அவுட்' (வேலையே ஆளை எரித்து ஓய்த்துவிடுவது) என்கிறோமே, அதைப் பற்றி உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் 1974-இல் எழுதியது, நியூயார்க்கின் இலவச மருத்துவமனை ஒன்றில் போதைக்கு அடிமையானவர்களோடு மல்லுக்கட்டியவர்களைப் பார்த்துத்தான். அவரும் அங்கே வேலை செய்து ஓய்ந்துபோனவர். பேச்சு கிளம்பிய இடத்துக்கே இன்னும் தீர்வு வந்து சேரவில்லை.

இந்த வேலையில் தோல்வி தினமும் கதவைத் தட்டும். சிகிச்சை பெற்றவர்களில் 40 முதல் 60 சதவீதம் பேர் மறுபடி போதையில் வழுக்குகிறார்கள் என்பது அமெரிக்காவின் தேசியப் போதைப்பொருள் ஆய்வு நிறுவனம் சொல்லும் கணக்கு. நோயின் போக்கு அப்படி. ஆனால் மனம்விட்டுப் பேச ஒரு மூத்தவர் இல்லாத கவுன்சிலர், ஒவ்வொரு வழுக்கலையும் தன் கணக்கில் எழுதிக்கொள்வார். கொஞ்ச நாளில் அந்த வலி தாங்காமல் மரத்துப்போவார். "இவன்லாம் தேறமாட்டான்" என்று டீ குடிக்கும்போது சொல்ல ஆரம்பித்தால், அறைக்குள்ளும் அது குரலில் வந்துவிடும்.

அந்தக் குரல் என்ன செய்யும்? உளவியலாளர் வில்லியம் மில்லர் குழு 1993-இல் வெளியிட்ட ஆய்வில், கவுன்சிலர் பேச்சில் எவ்வளவு எதிர்த்து மோதினாரோ, ஓராண்டு கழித்து அவரிடம் வந்தவர் அவ்வளவு அதிகம் குடித்திருந்தார். முரண்டு பிடிப்பவரிடம்தானே மோதியிருப்பார் என்று கேட்கலாம். இருக்கட்டும். முரண்டைத் தாங்குவதுதானே இந்தத் தொழில்? களைத்தவருக்கு அந்தப் பொறுமை எங்கிருந்து வரும்?

குடியிலிருந்து மீண்டு கவுன்சிலரானவர்கள் பாடு இன்னும் மோசம். "உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே" என்று கூடுதல் கேஸ்களை அவர்கள் தலையில் கட்டுவார்கள். அவர்களுக்கும் அந்த நோய் மறுபடி தலைதூக்கலாம் என்பது வசதியாக மறந்துவிடும்.

இந்தக் களைப்புக்கு நிர்வாகம் தருவது ஒருநாள் யோகா வகுப்பு. (யோகாமீது எனக்குக் கோபமில்லை.) அந்த வகுப்புக்குப் போன நேரத்துக்கான கேஸ்களை மறுநாள் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் கொடுமை. கடைசியில் கவுன்சிலர் வேலையை விடுவார். வெட்கத்தை விழுங்கி ஒருமுறை எல்லாவற்றையும் சொன்ன மனிதர், புதிதாய் வந்தவரிடம் முதலிலிருந்து சொல்ல வேண்டும். பலர் அதற்காக மறுபடி வருவதில்லை.

வீட்டில் ஒருவரைச் சேர்க்கப் போகிறீர்களா? வெற்றி சதவீதம் கேட்காதீர்கள். ஒரு கவுன்சிலர் எத்தனை பேரைப் பார்க்கிறார், அவருடைய கேஸ்களை அவரோடு உட்கார்ந்து பேச மேலே யார் இருக்கிறார், போன வருஷம் எத்தனை பேர் வேலையை விட்டார்கள் என்று கேளுங்கள்.