ஓஸ் கதையில் பொதுவுடைமை எது?
ஓஸ் என்ற மாய நாட்டின் கதை பதிப்புரிமை முடிந்து பொதுவுடைமையாகிவிட்டதால் (யாரும் அனுமதியின்றிப் பயன்படுத்தலாம் என்றாகிவிட்டதால்), அதையொட்டிய ‘விக்கெட்’ (Wicked) இசை நாடகக் குழு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை என்று சொல்வது தவறு. அமெரிக்காவில் 1956இல் பொதுவுடைமையானது, பிராங்க் பாம் 1900இல் வெளியிட்ட மூல நூல்தான். அதில் கதாநாயகி டோரதி அணிவது வெள்ளிக் காலணி. மாணிக்கச் சிவப்புக் காலணியும் சூனியக்காரியின் பச்சைத் தோலும் 1939ஆம் ஆண்டுத் திரைப்படம் சேர்த்தவை, அப்படத்தின் பதிப்புரிமையோ அங்கே 2034 இறுதிவரை நீடிக்கிறது. 2003இல் பிராட்வேயில் அரங்கேறிய ‘விக்கெட்’, கிரெகரி மகுவயர் 1995இல் வெளியிட்ட, இன்றும் பதிப்புரிமையில் உள்ள நாவலின் தழுவல். சூனியக்காரிக்கு எல்ஃபபா என்ற பெயரே அவர் சூட்டியதுதான் (பாமின் நூலில் அந்தச் சூனியக்காரிக்குப் பெயரே கிடையாது). அந்நாவலின் திரைப்பட உரிமை யூனிவர்சல் நிறுவனத்திடம் இருந்ததால், இசையமைப்பாளர் ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ் அவர்களை அணுகி இசையச் செய்த பிறகே நாடக வேலை நகர்ந்தது.