யாருக்கும் தெரியாத ஊராம்!

மூன்று நாளாக எல்லோரும் பகிரும் அந்த வீடியோவை நானும் பார்த்துவிட்டேன். இனி இன்பாக்ஸில் அனுப்பாதீர்கள்.

"யாருக்கும் தெரியாத கடலோரக் காட்டுச்சாலை" என்று தலைப்பு. வேதாரண்யம் பக்கத்துக் கோடியக்கரை ஐயா அது! 1930-இல் ராஜாஜி திருச்சியிலிருந்து உப்பு அள்ள நடந்தே வந்தது எங்கள் வேதாரண்யத்துக்குத்தான். 1967-இல் காட்டைச் சரணாலயமாக்கினார்கள். சைபீரியாவிலிருந்து வரும் பறவைக்கே வழி தெரிகிறது.

சரி, தலைப்பை விடுங்கள். வெளிமான் கூட்டம் மிரண்டு ஓட, பக்கத்திலேயே காரை விரட்டி, பின்னணியில் குத்துப்பாட்டு வேறு. மான் உங்களோடு ரேஸ் ஓடவில்லை, உயிருக்குப் பயந்து ஓடுகிறது. சரணாலயம் மொத்தமே 21 சதுர கிலோமீட்டர் சொச்சம். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் உப்பளம். எங்கே போகும்?

அப்பா உப்பளத்தில் வேலை பார்த்தவர். ஒரு சாயங்காலம் டிவிஎஸ் 50-இல் என்னைப் பின்னால் வைத்துக்கொண்டு வந்தவர், கோடியக்காடு தாண்டியதும் எஞ்சினை அணைத்துவிட்டார். முன்னால் முறுக்குக் கொம்போடு ஒரு கருத்த ஆண்மான், பின்னாலேயே கூட்டம். கடைசியில் ஒரு குட்டி, தார் ரோட்டில் கால் வைக்கலாமா வேண்டாமா என்று நின்றது. அது தாண்டும்வரை அப்பா வாயிலிருந்த பீடியைக்கூடப் பற்றவைக்கவில்லை.

"டூரிஸ்ட் வந்தால்தானே உங்களுக்குப் பிழைப்பு?" என்பீர்கள். நியாயம்தான். பாலாப்பழம் (பலா இல்லை, பாலை மரத்துப் பழம்) விற்கும் அக்காவிடம் ஒரு படி வாங்கினால் எனக்கும் சந்தோஷம். வீடியோ போட்டவர் எங்கே வாங்கினார்? குரங்குக்குச் சிப்ஸ் போட்டுவிட்டுப் போனார். மறுநாள் அந்தக் குரங்கு நடுரோட்டில் அடுத்த காருக்குக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். "ஒரு மானும் சாகலையே" என்று ஒரு கமெண்ட். அவருக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. "நீ மட்டும் போகலாமா?" என்றால், போவேன், என் வீடு அங்கே இருக்கிறது. வராதீர்கள் என்றா சொன்னேன்? மெதுவாகப் போங்கள் என்கிறேன். அவ்வளவுதான். மெதுவாக.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது இதே சாலை முழுக்க மரம் கிடந்தது. அரிவாளும் ரம்பமுமாக நாங்கள்தான் வெட்டி ஒதுக்கினோம். வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அப்போது எந்த ட்ரோனும் இந்தப் பக்கம் அழகு தேடி வரவில்லை. செத்த மான்கள் காரைக்கால் பக்கம் வரை கரை ஒதுங்கின. உங்கள் வீடியோவில் ஓடுகிறதே, அதெல்லாம் அன்றைக்குத் தப்பிப் பிழைத்தவற்றின் குட்டிகள். அதைத்தான் காரை வைத்து விரட்டியிருக்கிறீர்கள்.