கணினி நின்றதற்குப் பிள்ளைக்கு ஏன் பூஜ்யம்?

எங்கள் கல்லூரியில் கணினியில் நடந்த தேர்வின் நடுவே கரண்ட் போனது பற்றி நேற்று வந்த சுற்றறிக்கையை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சர்வரில் பதிவான விடைகளுக்கு மட்டும்தான் மதிப்பெண், மறுதேர்வு கிடையாது. இரண்டே வரி. அன்று தேர்வு நடந்த லேப் ஒன்றில் கண்காணிப்புப் பணியில் நின்றவள் நான். என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

கரண்ட் போனது. யூபிஎஸ் பாதி லேபுக்குத்தான் தாங்கியது. ஜன்னலோர வரிசை மொத்தமும் அணைந்துபோனது. மறுபடி லாகின் செய்து உள்ளே போனால், ஒரு பெண்ணின் திரையில் அதுவரை விடை பதிவானதாகப் பச்சையாக இருந்த கேள்விக் கட்டங்கள் எல்லாம், விடையே தராதது போலச் சிவப்பு. நேரம் மட்டும் நிற்காமல் ஓடியிருக்கிறது. "சேவ் பண்ணிப் பண்ணித்தான் மேம் போனேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். டெக்னீஷியன் தம்பி தேர்வை நடத்தும் ஏஜென்சிக்குப் போன் போட்டார். அங்கிருந்து பதில் வருவதற்குள் திரை தானாகவே சப்மிட் ஆகிவிட்டது.

நான் கேட்பது ஒன்றுதான். கணினி நின்றால் அந்த நஷ்டம் யாருடையது? தேர்வைக் கணினிக்கு மாற்றியது நிர்வாகம். டெண்டர் விட்டது நிர்வாகம். ஜெனரேட்டர் வைக்காததும் நிர்வாகம். மதிப்பெண் போவது மட்டும் பிள்ளைக்கா?

மத்தியப் பல்கலைக்கழகங்களில் சேர எழுதும் கியூட் நுழைவுத் தேர்வு முதன்முதலில் நடந்த 2022-ஐ நினைத்துப் பாருங்கள். ஆகஸ்ட் 4 அன்று மூன்று மணிக்குத் தொடங்க வேண்டிய மதிய ஷிப்டுக்கு, மாலை ஐந்து மணிக்கு மேல்தான் வினாத்தாள் சர்வரில் ஏறியது. அந்த ஷிப்டையே நாடு முழுக்க ரத்து செய்தார்கள். பிள்ளைகள் பட்ட அலைச்சலை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் வேறு தேதி கொடுத்தார்கள். அத்தனை ஊர்களுக்கும் மறுதேதி கொடுக்க முடிந்தது என்றால், ஒரே ஒரு கல்லூரியில் சில வரிசைகளுக்குக் கொடுக்க முடியாதா?

"நீங்கள் டெக்னாலஜிக்கு எதிரி" என்று யாராவது கிளம்பி வருவீர்கள். இல்லை. தாளிலும் கோளாறு வரும். 2024 ஜூன் 18 அன்று, கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான யுஜிசி நெட் தேர்வை, வட்டங்களைக் கருப்பாக்கும் ஓஎம்ஆர் தாளில் நடத்தி, மறுநாளே ரத்து செய்தார்கள். எழுதியவர்கள் ஒன்பது லட்சம் பேருக்கு மேல். பிறகு ஆகஸ்ட் கடைசியில் கணினியில்தான் மறுபடி நடந்தது. தாளில் கூட்டல் பிழை வரும், பெயில் ஆனவன் மறுமதிப்பீட்டில் பாஸாகி வருவான். விடைத்தாள் கட்டுகளோடு வருஷக்கணக்கில் மல்லாடுகிறவளுக்கு இதெல்லாம் தெரியாதா? கணினி வரட்டும். அது நின்றால் என்ன செய்வது என்று முதலில் எழுதி வைத்துவிட்டு வரட்டும்.

"ஒருத்திக்காக விதியை மாற்ற முடியுமா?" என்கிறார்கள். முடியும். அதற்குத்தான் நிர்வாகம் என்று ஒன்று இருக்கிறது.

நான் பி.ஏ. எழுதியபோது ஹாலின் ஓட்டுக் கூரை ஒழுகி, விடைத்தாளில் மை கரைந்துவிட்டது. அழுதுகொண்டு நின்றேன். தலைமைக் கண்காணிப்பாளர் வந்து தாளைத் தூக்கிப் பார்த்தார். "பதறாம எழுதும்மா, நேரம் நான் தர்றேன்" என்றார். புதுத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவ்வளவுதான் விஷயம். அவர் கண்ணால் பார்த்தது போதுமானதாக இருந்தது. இன்று அதே இடத்தில் நான் நிற்கிறேன். பத்து நிமிடம்கூட என்னால் கூட்டித் தர முடியாது. நடந்ததை எழுதிக் கொடுத்தேன், அதை யாரும் படித்த மாதிரியே தெரியவில்லை. இத்தனை வருஷம் பாடம் நடத்தியவளின் சொல்லைவிட ஒரு சர்வர் பதிவு பெரிதாகிவிட்டது. வலிக்கிறது, மறைத்துப் பேச விரும்பவில்லை.

அப்புறம் ஒரு நண்பர் போன பதிவில் கேட்டிருந்தார், செல்போனைக் கீழே வைக்காத பிள்ளைகளுக்குக் கணினி தெரியாதா என்று. தெரியாது ஐயா. கல்லூரிக்கு வந்த பிறகுதான் மவுஸைப் பிடிக்கும் பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள். கணினியில் தமிழ் தட்டச்சு செய்வதற்கான தமிழ்99 விசைப்பலகையைத் தமிழக அரசு 1999-லேயே அறிவித்தது. எங்கள் லேபில் தமிழ் எழுத்து பொறித்த கீபோர்டு ஒன்றுகூடக் கிடையாது. பயிற்சியும் கிடையாது. அதற்கு நிர்வாகம் கண்டுபிடித்த வழி, கட்டுரை வினாவையே தூக்கிவிட்டு எல்லாவற்றையும் நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று மாற்றியது.

நான் வரலாறு நடத்துகிறவள். வேலூர்ப் புரட்சி நடந்தது 1806 என்று ஒரு பிள்ளை கிளிக் செய்வதால் எனக்கு என்ன தெரிந்துவிடும்? புதுத் தலைப்பாகையும், நெற்றியில் சமயக் குறி கூடாது என்ற உத்தரவும் சிப்பாய்களை ஏன் அப்படிக் கொதிக்க வைத்தன? வேலூர்க் கோட்டையில் திப்புவின் மகன்கள் இருந்ததற்கும் அதற்கும் என்ன தொடர்பு? இதையெல்லாம் அவள் தன் சொந்த வாக்கியத்தில் எழுதினால்தான் அவளுக்குப் புரிந்ததா என்று எனக்குத் தெரியும். நிர்வாகத்தாரே, அந்த வாக்கியத்தையும் பிடுங்கிவிட்டீர்கள். மிச்சமிருந்த கிளிக்கையும் சர்வர் தொலைத்துவிட்டது. இப்போது பிள்ளை கவனமாக இல்லை என்கிறீர்கள்.

அவள் கவனமாகத்தான் இருந்தாள். நான் பக்கத்தில் நின்றேன். கரண்ட் போன நேரம், வந்த நேரம், சீட் எண் எல்லாம் என் குறிப்பேட்டில் இருக்கின்றன. திங்கட்கிழமை மறுதேர்வு கேட்டு மறுபடி மனு கொடுக்கிறேன். அன்று பக்கத்து லேபுகளில் பணியில் இருந்தவர்களே, உங்கள் வரிசையிலும் திரை அணைந்தது எனக்குத் தெரியும். தயவுசெய்து கையெழுத்துப் போட வாருங்கள்.