கண்காட்சியைத் தூரிகையோடு முடிப்பது பற்றி

ஓவியக் கண்காட்சியில் தொடக்க விழாவைவிட நிறைவு நாள்தான் எனக்குப் பிடிக்கும். தொடக்க விழாவில் யார் படம் பார்க்கிறார்கள்? ஓவியரோடு ஒரு செல்ஃபி, தெரிந்த நாலு பேரோடு அரட்டை, சுவருக்கு முதுகைக் காட்டியபடியே பொழுது போய்விடும். கடைசி நாளில் கூட்டம் இருக்காது. ஓவியரும் இறுக்கம் தளர்ந்து, கேட்டதற்கு நிதானமாகப் பதில் சொல்வார்.

அந்தக் கடைசி நாளில் வந்தவர்களை உட்காரவைத்து வரையச் சொல்லும் பழக்கம் இப்போது பரவிவருகிறது. ஆளுக்கொரு சின்ன கேன்வாஸ், அக்ரிலிக் வண்ணம், இரண்டு தூரிகை, ஒரு குவளைத் தண்ணீர். ஓவியரும் கூடவே உட்கார்ந்து வரைவார். சமீபத்தில் அப்படி ஒரு அமர்வுக்குப் போயிருந்தேன். இது நல்ல விஷயம் என்பதுதான் என் கட்சி. ஆனால் அழைப்பிதழில் போடுகிற காரணத்துக்காக இல்லை.

அழைப்பிதழில் ‘உங்களுக்குள் இருக்கும் கலைஞரைக் கண்டுபிடியுங்கள்’ என்று போடுகிறார்கள். எவ்வளவு தேடியும் எனக்குள் யாரும் அகப்படவில்லை. சுவரில் மாட்டியிருந்த படங்கள்தான் முதல்முறையாக ஒழுங்காகக் கண்ணில் பட்டன. அதைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

அந்த ஓவியர் மரங்களை வரைபவர். நாமும் ஒரு மரம் போடுவோமே என்று பச்சை ட்யூபைப் பிதுக்கி அப்படியே இலைகளைத் தீற்றினேன். பிளாஸ்டிக் செடி மாதிரி பளிச்சென்று நின்றது. ஓவியர் எட்டிப் பார்த்துவிட்டு, “அதுல ஒரு துளி சிவப்பு சேர்த்துப் பாருங்க” என்றார். பச்சையில் சிவப்பா என்று தயங்கித்தான் கலந்தேன். கூச்சல் அடங்கி, உண்மையான இலையின் பச்சைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அப்புறம் இலைகளுக்கு நடுவே வானம் தெரிய வேண்டுமே? நான் வானத்தை முதலில் பூசிவிட்டு, இடைவெளி விட்டு விட்டு இலை வைத்துக்கொண்டிருந்தேன். அவரோ இலைக் கூட்டம் முழுவதையும் கருமையாகப் போட்டுவிட்டு, அதன் மேல் வான வண்ணத்தால் சின்னச் சின்னப் பொத்தல்களைப் பிறகு வைத்தார். அதிலும் பொத்தலுக்குள் தெரியும் வானம் வெளியே இருக்கும் வானத்தைவிட ஒரு மாற்று மங்கல். ஒரே வண்ணத்தில் வைத்தால் மரத்தில் விளக்கு மாட்டியது போல ஆகிவிடும் என்றார்.

இதைக் கேட்டதும் எழுந்து போய்ச் சுவரில் இருந்த பெரிய படத்தைப் பார்த்தேன். முன்பு பார்த்துவிட்டு ‘அழகா இருக்கு’ என்று நகர்ந்த படம்தான். இப்போது பார்த்தால் ஒவ்வொரு பொத்தலும் ஒரு முடிவு. அடிமரத்தின் நிழலில் கருப்பே இல்லை, ஊதாதான் இருக்கிறது. ஓரிடத்தில் தூரிகையை ஒரே இழுப்பில் இழுத்து அப்படியே விட்டிருக்கிறார், திரும்பத் தொடவே இல்லை. எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்துவிட்டது. பாதி காய்ந்த அக்ரிலிக் மேல் திரும்பத் தேய்த்து, கீழ்ப்பூச்சும் சேர்ந்து உரிந்து வந்து, என் வானத்தில் ஓட்டை விழுந்திருந்தது. அந்த எரிச்சலோடு பார்த்தால்தான் அடுத்தவர் கை எங்கே நின்றது என்பது தெரிகிறது.

மாட்டிய படத்தின் முன்னால் நின்று வரைவது ஒன்றும் புதிதில்லை. அந்தக் காலத்தில் லண்டனில் ராயல் அகாடமி என்ற கலைஞர்கள் அமைப்பின் கண்காட்சி திறப்பதற்கு முன்பு, உறுப்பினர்கள் வந்து படங்களுக்கு வார்னிஷ் பூசவும் கடைசித் திருத்தம் செய்யவும் சில நாட்கள் ஒதுக்குவார்கள். 1832இல் அங்கே கான்ஸ்டபிள் என்ற ஆங்கில ஓவியரின் வாட்டர்லூ பாலத் திறப்பு ஓவியத்துக்குப் பக்கத்தில், இன்னொரு ஓவியரான டர்னரின் சாம்பல் நிறக் கடல் காட்சி மாட்டப்பட்டிருந்தது. டர்னர் வந்து பார்த்தார், தன் கடலில் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தார், போய்விட்டார். பிறகு வந்து அதை மிதவையாக மாற்றினார். பக்கத்துப் படத்தின் சிவப்பெல்லாம் அதோடு சோர்ந்துபோனதாகச் சொல்வார்கள். அதை நேரில் பார்க்கும் பாக்கியம் சக ஓவியர்களுக்குத்தான் கிடைத்தது. மக்களுக்குக் கதவு திறந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நிறைவு நாள் அமர்வில் அந்தக் கதவு நமக்கும் திறக்கிறது என்பதால்தான் எனக்கு இதில் இவ்வளவு ஆர்வம்.

பார்வையாளர் கை வைக்கிற கலையும் இருக்கிறது. ஜப்பானியக் கலைஞர் யாயோய் குசாமா 2002இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ஒரு அறை முழுவதையும், மேசை நாற்காலி உட்பட, வெள்ளையாக்கிக் குழந்தைகளிடம் வண்ணப் பொட்டு ஸ்டிக்கர்களைக் கொடுத்தார். அறையே பொட்டுகளில் மறைந்தது. அருமையான யோசனை. ஆனால் ஸ்டிக்கர் ஒட்ட எந்தத் திணறலும் வேண்டியதில்லை, நான் சொல்வது திணறலைப் பற்றி. ஒரே பெரிய கேன்வாஸில் எல்லோரும் சேர்ந்து வரைவதிலும் எனக்கு அவ்வளவு ஈடுபாடு இல்லை. ஆளாளுக்குக் கலந்து கடைசியில் சேற்று நிறம்தான் மிஞ்சுகிறது. போட்டோவுக்கு நன்றாக இருக்கும், சரி.

எனக்குச் சுத்தமாகப் பிடிக்காதது, எல்லோரையும் ஒரே மாதிரிப் படத்தைப் படிப்படியாகப் போடவைப்பது. ‘இப்போது எல்லோரும் நீலத்தை எடுங்கள்.’ வரிசையாக முப்பது ஒரே சூரிய அஸ்தமனம். அமெரிக்க ஓவியர் பாப் ராஸ் 1983 முதல் 1994 வரை தொலைக்காட்சியில் அரை மணி நேரத்தில் ஒரு மலைக் காட்சியை வரைந்து முடிப்பார், எத்தனையோ பேரைத் தூரிகை எடுக்கவைத்த மனிதர். ஆனால் அதே படத்தை அவர் முன்பே ஒருமுறை வரைந்துவைத்துப் பார்த்துக்கொண்டேதான் திரையில் வரைந்தார். முடிவெல்லாம் ஏற்கெனவே எடுத்தாயிற்று, நாம் பார்ப்பது நிறைவேற்றத்தை மட்டும். ஒரு ஓவியரே பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது ஏன் அந்த வழி? அவர் தடுமாறட்டும், அழிக்கட்டும், அதை நாம் பார்க்கட்டும்.

இன்னொன்று, கண்காட்சி நீர்வண்ணம் என்றால் அமர்வும் நீர்வண்ணத்தில் இருக்கட்டும். தைல வண்ணம் காய நாட்கணக்கில் ஆகும், அதனால் அக்ரிலிக் கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நீர்வண்ணத்துக்கும் அக்ரிலிக்கையே நீட்டுவது சோம்பேறித்தனம். நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது பெரும்பாலும் பூசாமல் விட்ட தாள். அதை விட்டுவைக்கக் கை எப்படித் தவிக்கும் என்பது அக்ரிலிக்கில் தெரியவே தெரியாது.

ஓவியருக்குச் சம்பளம் உண்டா என்றும் கேட்டுவிடுகிறேன். பல இடங்களில் ‘உங்களுக்கும் விளம்பரம்தானே’ என்று சொல்லி அவர் தலையிலேயே கட்டிவிடுகிறார்கள். விற்றது இரண்டு படம், கழற்றிக் கட்ட வேண்டியது இருபது படம், அதற்கு நடுவே ஒரு நாள் முழுக்க அடுத்தவர் மரத்துக்குச் சிவப்புத் துளி சொல்ல வேண்டும். அது வேலை. அமர்வுக்குக் கட்டணம் வாங்கினால் முதல் பங்கு அவருக்குப் போகட்டும்.

ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். தயவுசெய்து பக்கத்து அறையில் உட்காரவைக்காதீர்கள், படங்களுக்கு நடுவிலேயே மேசையைப் போடுங்கள். தரையில் பழைய துணி விரித்தால் போதும். வரைந்து முடித்த பிறகு ஒரு மணி நேரமாவது அரங்கைத் திறந்துவையுங்கள். நான் போன இடத்தில், நாங்கள் தூரிகை கழுவிக்கொண்டிருக்கும்போதே ஏணியோடு ஆட்கள் வந்துவிட்டார்கள். அவர்களை மறுநாள் காலை வரச் சொல்லுங்கள்.