12 ஜிபி இருப்பதால் மட்டும் 3060 வேகமான கார்டு ஆகிவிடாது

நண்பரே, என்விடியாவின் இரண்டு கிராபிக்ஸ் கார்டுகளைப் பற்றி, "ஆர்டிஎக்ஸ் 3060-ல் 12 ஜிபி மெமரி, 3584 கோர் (கணக்குப் போடும் சிறு அலகு), 4060-ல் 8 ஜிபி, 3072 கோர்தான். அதனால் 3060தான் வேகம்" என்று எழுதியிருக்கிறீர்கள். எண்கள் சரி, முடிவு தவறு. இதை நம்பி யாராவது காசைக் கொடுத்துவிடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

இரண்டும் வேறு வேறு தலைமுறை. 3060-இன் பூஸ்ட் வேகம், அதாவது கோர்கள் எட்டும் உச்ச வேகம், 1777 மெகாஹெர்ட்ஸ், 4060-க்கு 2460. கோரையும் வேகத்தையும் பெருக்கி, ஒரு கோர் ஒரு துடிப்பில் இரண்டு கணக்கு போடுவதால் இரண்டாலும் பெருக்கிப் பாருங்கள்: 3060-க்கு சுமார் 12.7 டெராஃப்ளாப்ஸ் (நொடிக்கு இத்தனை லட்சம் கோடி கணக்குகள்), 4060-க்கு 15.1. மெமரிக்குப் போய்வரும் பாதையான மெமரி பஸ் 192 பிட்டிலிருந்து 128-க்குக் குறைந்தது உண்மைதான். ஆனால் சிப்புக்குள்ளேயே இருக்கும் வேகமான சிறு சேமிப்பான எல்2 கேஷ் 3 எம்பியிலிருந்து 24 எம்பி ஆகிவிட்டது. பல விஷயங்களுக்கு மெமரி வரை போகவே வேண்டியதில்லை. அதனால்தான் 1080பி கேம்களில் பெரும்பாலும் 4060 முந்துகிறது, அதுவும் 170 வாட்டுக்குப் பதில் 115 வாட்டில்.

உங்கள் பேச்சில் நியாயம் உள்ள இடமும் உண்டு. டெக்ஸ்சரை (பொருட்களின் மேற்பரப்புப் படங்களின் தரத்தை) உச்சத்தில் வைத்து 8 ஜிபி நிரம்பிவிட்டால், கேமில் ஒரு தெருமுனை திரும்பும்போதே படம் திக்கித் திக்கி நகரும். 4060-க்கு பிசிஐஇ லேன் (கார்டை மதர்போர்டோடு இணைக்கும் தடம்) எட்டுதான் என்பதால், தடங்கள் மெதுவான பழைய பிசிஐஇ 3.0 மதர்போர்டில் இது இன்னும் மோசமாகும். பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் பெரிய சீன், வீட்டிலேயே ஏஐ மாடல் ஓட்டுவது என்றால் நானும் 12 ஜிபி கார்டைத்தான் சொல்வேன்.

ஒன்று கவனியுங்கள்: 3060-லேயே 128 பிட் பஸ்ஸோடு 8 ஜிபி வகை ஒன்று உண்டு. வாங்கும்முன் பெட்டியைப் பாருங்கள்.